எங்கள் தலைமை மெக்கானிக்குக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: எந்த வாகனம் எதனால் ஆனது என்று தீர்மானிக்கும் மேலதிகாரி அவர்கள்
விடயம்: மரத்தை மரம் என்றே பதிய அனுமதி கோரல்

ஐயா அல்லது அம்மணி,

மூன்று மாதத்துக்கு முன் தங்கள் கிளைக் காரியாலயம் ஒன்றின் முற்றத்தில் என் காரைப் பரிசோதித்த இளம் உத்தியோகத்தர், அதன் பின்கதவை விரல் மடக்கி மூன்று தரம் தட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ வந்து திறப்பார்கள் என்று காத்து நிற்பவர்போல இருந்தது.

“மாஸ்ரர், இது உண்மையான மரமோ?”

“ஓம் தம்பி.”

“நான் மரம் மாதிரிப் பெயின்ற் அடிச்சிருக்கு எண்டெல்லோ நினைச்சன்.”

பிறகு உள்ளே போய்க் கணினியோடு கனநேரம் மல்லுக்கட்டினார். உடற்பகுதி எதனால் ஆனது என்ற இடத்தில் இரும்பு இருந்தது, அலுமினியம் இருந்தது, பைபர்கூட இருந்தது. மரம் மட்டும் இல்லை. மனிதர் நல்லவர், வழியும் சொன்னார்: “ஒண்டு செய்யுங்கோ மாஸ்ரர். மரத்துக்கு மேலை தகரம் அடிச்சுப்போட்டு அடுத்த கிழமை கொண்டு வாங்கோ.”

அவரில் நான் பிழை சொல்லமாட்டேன். அவர் பிறந்தபோது என் காருக்கு நாற்பது வயதாவது இருந்திருக்கும். ஆகவேதான் மேலிடமாகிய தங்களுக்கே எழுதுகிறேன்.

நான் ஒரு இளைப்பாறிய கணித ஆசிரியன். 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்றின் உரிமையாளன் என்று புத்தகத்தில் இருக்கிறது. என் மனைவியைக் கேட்டால், அந்தக் காரின் வேலைக்காரன் என்பார். முன்னாலிருந்து பார்த்தால் அது தாங்கள் எங்கும் காணும் மொறிஸ் மைனர்தான். 948 சிசி, 37 குதிரைவலு, தவளைக் கண். பின்னாலே போனால் கண்ணாடி அலுமாரி. ஆஷ் என்னும் சீமை மரத்தில் சட்டம், சட்டங்களுக்கு நடுவே அலுமினியத் தகடு, பின்பக்கம் அலுமாரி மாதிரியே இரட்டைக் கதவு. 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் இப்படித்தான் செய்தார்கள். அந்த மரம் அழகுக்கு வைத்ததல்ல. கூரை அதிலேதான் நிற்கிறது, கதவு அதிலேதான் தொங்குகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தகரம் அடித்தால், தங்கள் காரியாலயத்துக்கு நான் கொண்டு வரக்கூடியது அரைக் காரும் ஒரு மூட்டை கண்ணாடியும்தான்.

அன்று வேறு குறைகளும் எழுதப்பட்டன. “சிக்னல் லைற் இல்லை” என்பது ஒன்று. 1958இல் அது லைற் அல்ல, கை. நடுத் தூணிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் கை வெளியே வந்து எந்தப் பக்கம் போகிறோம் என்று காட்டும். இடக்கை கொஞ்சம் சோம்பல். தூணில் ஒரு குத்து விட்டால்தான் எழும்பும். குத்திக் காட்டினேன். அவர் ஒரு அடி பின்வாங்கினார். “பிறேக் ஒயில் இல்லை” என்பது மற்றது. பொனற்றைத் திறந்து ஒயில் போத்தலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அது றைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றி, முழங்காலில் நின்று எட்டிப் பார்க்கவேண்டும். மொறிஸ் கொம்பனி பிறேக்கைப் பார்ப்பவன் முழந்தாளிடவேண்டும் என்று விரும்பியிருக்கிறது. அந்தக் கொம்பனியாரின் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்படியெல்லாம் எழுதுவதால் நான் தங்கள்மேல் கோபமாக இருக்கிறேன் என்று எண்ணவேண்டாம். அரசாங்கம் என்ற பெருங்குடும்பத்தில் தாங்களும், தங்கள் மூத்த, இளைய சகோதரத் துறைகளும் எங்களுக்குச் செய்த உபகாரத்துக்கு நான் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஒரு மெக்கானிக் இருக்கிறான் என்றால், அவனைப் பழக்கியவர்கள் தாங்கள்தான்.

உதாரணத்துக்கு 1990களின் பொருளாதாரத் தடை. பெற்றோல் எங்கள் பக்கம் வராது என்று தீர்மானித்தபோது, ஒரு இயந்திரம் எந்த எண்ணெயில் எரியும் என்று யோசிக்கும் வாய்ப்பை முதன்முறையாகத் தந்தீர்கள். மண்ணெண்ணெயில் எரியும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதற்காக மருந்துபோல அளந்து வாங்கிய பெற்றோலை என் மகளின் சூப்பிப் போத்தலில் ஊற்றி, காபரேற்றரின் வாயில் நாலு சொட்டுப் பீச்சி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிள்ளைக்கும் காருக்கும் ஒரே போத்தல் அல்ல, தனித்தனிப் போத்தல். இதை என் மனைவியின் வற்புறுத்தலில் எழுதுகிறேன். அப்போது ஒரு அதிசயம் கண்டோம். உலகத்தில் எல்லாக் காரிலும் ஓட ஓட ஒயில் குறையும். எங்கள் காரில் கூடியது. குச்சியை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் மட்டம் ஏறியிருந்தது. அட்சய பாத்திரம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் குச்சியை மூக்கடியில் பிடித்தார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரமாக வழிந்து ஒயிலோடு சேர்ந்து, ஒயில் ரசம் மாதிரி ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் ஒருபோதும் படிப்பிக்காத பாடம். பிற்பாடு, 2008இல், வாகனப் புகைப் பரிசோதனை என்று நாட்டில் ஒன்று தொடங்கியபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை. நாங்கள் ஊரோடு சேர்ந்து அந்தப் பரிசோதனையை வருடக்கணக்காக மூக்கால் செய்து முடித்திருந்தோம்.

தங்கள் திரையில் ‘இரட்டை உபயோக வாகனம்’ என்று ஒரு வகை இருக்கிறது. ஆளும் ஏற்றலாம், சாமானும் ஏற்றலாம். என் காரை அதற்குள் போடலாமா என்று அந்தத் தம்பி யோசித்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் போயிருக்கிறது. ஒரு பிரசவம் ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னமே பின்சீற்றில் நடந்திருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள், அம்மா, பிள்ளைகள், அயல்வீட்டுக் கிழவி, தையல் மெசின், அந்தக் கிழவி விட்டுவர மறுத்த ஆடு எல்லாம் அதற்குள் இருந்தன. செம்மணி வெளியில் சனம் நெரிந்து நின்றது. அந்த வேகத்தில் எஞ்சினைப் போட்டால் கொதிக்கும், எண்ணெயும் இல்லை. நாவற்குழிப் பாலம்வரை நானும் மனைவியும் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனோம். விடியும்போது பார்த்தால், எங்களுக்குத் தெரியாத ஒரு முதியவர் பின்கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். மரம் என்றபடியால் பிடிக்க வசதியாக இருந்தது என்றார்.

இரட்டை என்ற சொல் போதுமா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினீர்கள். தனியார் கார்கள் திரும்ப வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் என் காரைக் கண்டு முன்னர் ஒதுங்கிப் போனவர்களெல்லாம் நின்று விலை கேட்டார்கள். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அதற்குப் பதிய அடிச்சட்ட இலக்கம் வேண்டும் என்றார்கள். என் காரில் அந்த இலக்கத் தகடு பெயின்றுக்கு அடியில் புதைந்திருந்தது. பிளேட்டால் மெல்லச் சுரண்டினேன். மேலே நான் அடித்த வெள்ளை. அதன்கீழ் தம்பியின் கலியாணத்துக்கு அடித்த கிறீம். அதன்கீழ் அப்பா யாருடனோ பந்தயம் பிடித்து அடித்த மஞ்சள். கடைசியில் கார் வந்தவேளை போட்டிருந்த சீமைப் பச்சை. இலக்கம் தெரிவதற்குள் எங்கள் குடும்பச் சரித்திரம் முழுவதும் தூளாக மடியில் விழுந்து கிடந்தது. வெளியே தெரியும் பதிவு இலக்கத் தகட்டில் இருக்கும் சிங்கள ‘ஸ்ரீ’ பற்றி இங்கே நான் ஒன்றும் எழுதவில்லை. கார் பிறந்த அதே 1958இல் அந்த ஒற்றை எழுத்துக்கு எதிராக வடக்கில் ஒரு போராட்டமே நடந்தது. என் கார் அதைச் சுமந்துகொண்டு எல்லாப் பக்கமும் ஓடியிருக்கிறது.

இனி மர விடயம்.

போன மாரியில் பின்ஜன்னலின் தவாளிப்புக்குள் தண்ணீர் தேங்கி, முதலில் பாசி, பிறகு இரண்டு காளான் முளைத்தன. குடை விரித்து அழகாக நின்றன. சில்லுக்கு மேலே வளைந்து போகும் சட்டத்தை ஸ்குறூ டிறைவரால் குத்திப் பார்த்தேன். அவித்த மரவள்ளிக் கிழங்கில் குத்தியதுபோலப் பிடிவரை இறங்கியது. ஒரு வயதான ஓடாவியைக் கூட்டி வந்தேன். காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

“மாஸ்ரர், இது காரோ, இல்லாட்டி ஆரும் சீதனத்துக்குக் குடுத்த அலுமாரியோ?”

அளவு போட்டு, கோணம் குறித்து, நான் வரைந்து வைத்திருந்த படங்களை மரியாதையாக வாங்கி அதன்மேல் வெற்றிலைச் செப்பை வைத்தார். உக்கின சட்டத்தையே கழற்றி, உதிர்ந்த இடத்தில் மெழுகு வைத்து நிரப்பி, அதை மாதிரியாக வைத்துப் புதுமரம் இழைத்தார். ஆஷுக்கு எங்கே போவது? பலா நல்லது என்றேன். பலா தறிப்பதற்கு அனுமதி எடுக்கவேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டம், பெண்பனைக்கும் அதுவே. பெண்பனையில் கார் செய்யும் எண்ணம் நல்லவேளையாக எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை. வேம்பு என்று முடிவானது. “கறையான் கசப்புக்குக் கிட்ட வராது” என்றார். ஆனால் சில்லுக்கு மேலுள்ள வளைவை நேர்ப்பலகையில் அறுத்தால், நார் குறுக்கே வெட்டுப்பட்டு முதல் குழியிலேயே வெடிக்கும். அதற்காக ஒரு வேலியோரப் பூவரசில், தானாகவே அந்த வளைவில் வளர்ந்த கொப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தார். வள்ளத்துக்கு வங்கு போடுகிறவர்கள் இப்படித்தான் தேடுவார்களாம். மூன்று கிழமை வேலை. வார்னிஷ் மூன்று பூச்சு. ஜன்னல் தவாளிப்பில் தண்ணீர் ஓட நாலு துளை. அந்தத் துளைகளை இங்கிலாந்துக்காரர் ஏன் போதுமான அளவு போடவில்லை என்று அவர் கேட்டார். மழை அங்கேயும் பெய்யும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பழுதுகளின் முழுப் பழியையும் நான் மரத்தில் போடவில்லை. முன்சில்லு ஒன்று ஒருமுறை நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, மாடு படுப்பதுபோல மடங்கிப் படுத்தது. அது முழுக்க என் பிழை. அந்தச் சில்லைத் தாங்கும் மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கிறீஸ் அடிக்கவேண்டும். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பெற்றோல் பம்பு நின்றால், சாவியைப் போட்டதும் கேட்கவேண்டிய டிக் டிக் சத்தம் கேட்காது. அப்போது என் மனைவி குசினியிலிருந்து அகப்பையோடு வந்து பம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அது திரும்ப டிக் என்னும். தங்கள் படிவத்தில் ‘பதிவுபெற்ற திருத்துமிடத்தின் பெயர்’ என்ற இடத்தில் எங்கள் குசினியை எழுதலாமா என்பதையும் தெரிவிக்கவும்.

வேலை முடிந்து முதல்முறை ஓடியபோது சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

“மரம் ஏத்திறதுக்குப் பெர்மிற் இருக்கோ?”

“நான் மரம் ஏத்தேல்லை. மரத்திலை ஏறி வாறன்.”

நாற்பது நிமிடம் நின்றோம்.

அதன்பின்தான் தங்கள் கிளைக்கு வந்தேன். மாற்றிய பாகங்கள் அசலானவை என்று தயாரிப்பாளரிடம் கடிதம் கொண்டு வரச் சொன்னார்கள். மொறிஸ் பி.எம்.சி. ஆனது, 1968இல் பி.எம்.சி. பிரிட்டிஷ் லேலண்டில் கரைந்தது, அதுவும் போய்விட்டது. ஒக்ஸ்போட்டின் கௌலியில், மொறிஸ் மைனர் செய்த இடத்துக்குப் பக்கத்தில், இப்போது ஜேர்மன்காரர் மினி செய்கிறார்கள். “நல்லூர் வேலியோரப் பூவரசு அசலானதுதான்” என்று அவர்களிடம் சான்று வாங்கலாம்தான், முத்திரைச் செலவு மட்டும் தங்கள் பொறுப்பு.

ஆகவே தாழ்மையுடன் கேட்பது இவ்வளவே: உடற்பகுதி என்ற இடத்தில் ‘மரம்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கவும். ‘மற்றவை’ என்று ஒன்று சேர்த்துக் குறிப்பெழுத நாலு விரல் இடம் விட்டாலும் சம்மதம். வேம்பு, பூவரசு, கொஞ்சம் ஆஷ் என்று நுணுக்கி எழுதுவேன்.

மரத்துக்கு அத்தாட்சிப்படுத்திய போட்டோப் பிரதி வேண்டும் என்று கடைசியாகச் சொல்லப்பட்டது. எங்கள் ஊர்ப் போட்டோக்கொப்பிக் கடையில் மூடியைச் சாத்த முடியவில்லை. எனவே இடப்பக்கப் பின்கதவின் கீழ்ச்சட்டத்தையே கழற்றி இத்துடன் அனுப்புகிறேன். பார்த்து, வார்னிஷ் இல்லாத பக்கமாக முத்திரை குத்தி, கூடிய கெதியில் திருப்பி அனுப்பவும். கதவை இப்போது தும்புக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வெங்காயம் ஏற்றவேண்டும்.

இப்படிக்கு,
காரின் வேலைக்காரன்