பாடியவர் பெயர்

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரம். சென்னை வானொலி கரகரக்கும் வேளையிலும் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும் என்பதால், அறுபதுகளில் அங்கே வளர்ந்த எங்களுக்கெல்லாம் பாடகிகளை அறிமுகம் செய்துவைத்தது கொழும்புதான். படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று அறிவிப்பாளர் மயில்வாகனன் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை டீக்கடையில் தம்ளர் சத்தம்கூட அடங்கியிருக்கும். சுசீலா, ஜிக்கி, லீலா, ஜமுனா ராணி, ஜானகி என்று பெயர்கள் காதுவழியே வந்து குடியேறின. முகம் தெரியாது, ஊர் தெரியாது. ழகரத்தை அவ்வளவு சுத்தமாக உச்சரித்த சுசீலா விஜயநகரத்துத் தெலுங்குப் பெண் என்பதோ, ஏவி.எம்.மில் சம்பளத்துக்கு இருந்தபோது தமிழுக்கென்றே தனிப்பாடம் படித்தவர் என்பதோ வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

படத்தில் சாவித்திரி வாயசைத்தால் சாவித்திரியேதான் பாடுகிறார் என்று அடித்துச் சொல்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பானுமதி தன் பாட்டைத் தானே பாடியவர். அதற்கும் முன்னால், பாடத் தெரியாதவருக்குப் படத்தில் இடம் கிடைப்பதே அபூர்வம். என் அப்பாயிக்கு நட்சத்திரம் என்றால் கே.பி. சுந்தராம்பாள் ஒருவர்தான். ரயிலில் பாடித் திரிந்த கொடுமுடிச் சிறுமி, நாடக நடிகர் கிட்டப்பாவை மணந்து, 1933-இல் அவர் இறந்தபோது 25 வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறி, இனி எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர். அந்த வைராக்கியத்தை மதித்துத்தான் 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவருக்கு நந்தனார் வேடமே கிடைத்தது. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தத் தொகையைச் சொல்லும்போதெல்லாம் அப்பாயி குரலில் ஏறும் பெருமிதத்தைப் பார்த்தால், பணம் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்ததோ என்று தோன்றும்.

எனக்கோ எல்.ஆர். ஈஸ்வரி. கல்யாண வீட்டில் மைக்செட்காரர் பூவரச மரத்தில் குழாயைக் கட்டி இறங்கியதும், ரிக்கார்டை உறையிலிருந்து உருவி, வேட்டி நுனியால் ஒரு சுற்றுத் துடைத்து, முள்ளை இறக்கும் அந்த நொடிக்காகப் பையன்கள் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்போம். முதலில் பிள்ளையார் பாட்டு. அது முடிந்ததும் ‘பாசமலர்’ (1961) கல்யாணப் பாட்டு. அந்தக் குரல்தான் ‘சிவந்த மண்’ணில் காஞ்சனாவுக்காகச் சவுக்கடிக்கு நடுவே பாடியது, ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயிலில் ஊரையே கும்பிட வைத்ததும் அதுவேதான். தாயும் மகளும் கோரஸில் நின்று பாடிப் பிழைத்த குடும்பம். பின்வரிசையிலிருந்து அந்தப் பெண் முன்னால் வந்த கதையை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்று எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறது. பாடகி என்ன சமைத்தார், எந்த ஊருக்குப் போனார் என்பது பாட்டு வெளிவருமுன்பே தெரிந்துவிடுகிறது. அன்று ஒரே கூடத்தில் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, ஒரு வயலின் பிசகினாலும் சுசீலா முதலடியிலிருந்து மறுபடி பாட வேண்டும். இன்று சின்ன அறையில் தனியாக நின்று, வரிவரியாகப் பாடிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். தொண்டைக்கு நல்லதுதான், நேரமும் மிச்சம். ஆனால் எஃப்.எம்.மில் பாட்டு முடியுமுன்பே பேச்சு புகுந்துவிடுகிறது, பாடியவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. கைப்பேசியில் இசையமைப்பாளர் படம் பெரிதாக நிற்க, பாடியவள் பெயர் அடியில் பொடி எழுத்தில் பாதி வெட்டுப்பட்டு ஓடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புதுக்காலம் கொடுத்ததும் உண்டு. ‘பேசும் படம்’, ‘பொம்மை’ பத்திரிகைப் பக்கங்களில் சிரித்த சாவித்திரியைத்தான் நாங்கள் பார்த்தோம்; ‘பிராப்த’த்தைச் சொந்தமாக எடுத்து, இயக்கி, கையைச் சுட்டுக்கொண்டவரை, நினைவிழந்து மாதக்கணக்கில் கிடந்து 1981-இல் போய்ச் சேர்ந்தவரை, அவர் காலத்து ரசிகர்களான நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 2018-இல் சாவித்திரியின் கதையைச் சொன்ன ‘நடிகையர் திலகம்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் பேத்தி, “தாத்தா, உங்களுக்கெல்லாம் அப்பவே தெரியாதா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அதன்பிறகுதான் அவள் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தாள். இப்போது எங்களுக்குள் ஒரு பந்தயம்: கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாடுவது யார் என்று சொல்ல வேண்டும். சுசீலாவையும் ஜானகியையும் பிரித்துவிடுகிறாள். ஜிக்கிக்கும் லீலாவுக்கும் இன்னும் திணறல்தான். ஈஸ்வரியை மட்டும் முதல் அடி முடியுமுன்பே பிடித்துவிடுகிறாள்.