மூவேழ் இயல்: லினக்ஸ் சர்வரில் 777 போடும் வழக்கம் குறித்து ஓர் ஆய்வு

லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்பதை ஒன்பது பிட்டுகள் முடிவு செய்கின்றன. உரிமையாளருக்கு மூன்று, குழுவுக்கு மூன்று, மற்றவர்க்கு மூன்று. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி எழுதினால் 000 முதல் 777 வரை மொத்தம் 512 வகை அனுமதிகள் கிடைக்கும். இத்தனை இருந்தும், சர்வர் நிர்வாகம் புதிதாகப் பயில்வோர் திரையில் ‘பர்மிஷன் டினைட்’ என்று கண்ட மாத்திரத்தில், மீதி 511ஐ ஏறெடுத்தும் பாராமல், எல்லாருக்கும் எல்லாம் என்னும் 777இலேயே போய் விழுவது என்னை? சோம்பல் என்பர் மூத்த நிர்வாகிகள். அது பொருந்தாது. சோம்பேறியாக இருந்தால் பிழைச் செய்தியைப் பார்த்ததும் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். நள்ளிரவில் சிஎச்மாட் என்றொரு கட்டளையைத் தேடிப் பிடித்திருக்க மாட்டார். அறியாமை என்பர் பாதுகாப்புத் துறையார். அதுவும் பொருந்தாது. எண்ம முறையில் உச்ச எண் எதுவென்று அறிந்தே கை வைக்கிறார். இக்கட்டுரை துணியும் முடிபு வேறு: 777 போடுபவர் தவறவிடுவது ஆளை. சர்வர் மறுத்தது தம்மை என்று அவர் நினைக்கிறார்; அது மறுத்ததோ இன்னொருவரை.

அந்த இன்னொருவர் யார்? வேர்ட்பிரஸ் தளத்தில் படம் ஏற்றும்போது எழும் மறுப்பே போதிய சான்று. மாணவர் தம் பெயரில் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து கோப்புகளை வைத்தார். ஆகவே அவை அவருடையவை. படத்தை வாங்கி டைரக்டரியில் எழுதப் பார்ப்பதோ பிஹெச்பி. டெபியனிலும் உபுண்டுவிலும் அது வழக்கமாக ஓடுவது ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனரின் பெயரில். சொந்த லேப்டாப்பில் ஒற்றை ஆளாக வளர்ந்தவருக்கு இது லேசில் பிடிபடாது. சர்வர் ஓர் ஒண்டுக்குடித்தனம். புத்தம் புதிய உபுண்டுவில் ஈடிசி டைரக்டரியிலுள்ள பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தால் (பெயர்தான் அப்படி, பாஸ்வேர்டுகள் ஷேடோ கோப்புக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று) ரூட், டீமன், மெயில், நியூஸ், யூயூசிபி என்று குடியிருப்போர் வரிசையாக வருவர். ‘கேம்ஸ்’ என்பவரும் அங்கே உண்டு. சர்வரில் அவர் என்ன ஆடுகிறார் என்பது தனி ஆய்வுக்குரியது. இவர்கள் ஒருவருக்கொருவர் ‘மற்றவர்’. 777இன் கடைசி ஏழு இத்தனை பேரையும் ஒருசேர உள்ளே அழைக்கிறது.

‘ஆயினும் 777 போட்டால் வேலை நடக்கிறதே’ எனின், நடக்கும்போது நடக்கும். ஹோம் டைரக்டரிக்குள்ளேயே தளத்தை வைத்துவிட்டு என்ஜின்எக்ஸ் 403 காட்டுகிறது என்று தவிப்போரை நோக்குக. முகப்புக் கோப்புக்கு 777 கொடுத்தாயிற்று, 403 அசையவில்லை. ஏனெனில் ஒரு கோப்பைத் தொட, அதற்குப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் ‘இயக்க’ அனுமதி வேண்டும். டைரக்டரியைப் பொறுத்தவரை அதன் பொருள் கடந்துபோகும் உரிமை. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 750ஆகவே பிறக்கின்றன, மற்றவர் கடக்க இயலாது. எஸ்எஸ்ஹெச் இன்னும் கறார். பிரைவேட் கீ கோப்புக்கு 777 கொடுத்துப் பாருங்கள்: கொட்டை எழுத்தில் எச்சரித்து, அந்தக் கீயை ஏறெடுத்தும் பாராது. 600 ஆக்கினால் மறுபேச்சின்றி ஏற்கும். எல்லாவற்றிலும் வலிய சான்று சூடோவினது. பொறுமை இழந்தவர் யூஎஸ்ஆர் டைரக்டரி முழுதுக்கும் மைனஸ் ஆர் சேர்த்து 777 அடிக்கிறார். சூடோ நிரலுக்கு ரூட்டின் அதிகாரத்தைத் தரும் செட்யூஐடி பிட் அந்த ஒன்பதுக்கும் வெளியே இருப்பது. 777 என்று எழுதியதும் அது உதிர்ந்துவிடும். அடுத்த சூடோ, தனக்கு அந்த பிட் வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். திருத்த ரூட் வேண்டும். ரூட் ஆக சூடோ வேண்டும். ரூட் கணக்கை உபுண்டு முதலிலேயே பூட்டி வைத்திருக்கும். எல்லாருக்கும் எல்லாம் கொடுத்தவர் கையில் ஒன்றும் இல்லை. இனி ரெஸ்க்யூ மோடுதான் கதி.

‘என் சர்வரில் நான் மட்டும்தானே’ என்பார்க்கு விடை பாஸ்வேர்டு கோப்பிலேயே உள்ளது. ஏதோ ஒரு பிளகினில் ஓட்டை விழுந்தால், உள்ளே வருபவர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் உருவில் வருவார். 777 அவருக்கும் சேர்த்துத்தான். ‘டாக்கர் வந்தபின் இதெல்லாம் பழங்கதை’ என்பதும் நில்லாது. கெர்னல் பார்ப்பது பயனரின் எண்ணை, பெயரை அன்று. வெளியே 1000 எண்ணுக்குரிய டைரக்டரியை, உள்ளே வேறு எண்ணில் ஓடும் நிரல் தொட்டால் அதே மறுப்பு, அதே மூன்று ஏழுகள். ரெட்ஹாட் வகையறாவில் எஸ்ஈலினக்ஸ் என்னும் கூடுதல் காவல் 777ஐயும் சட்டை செய்யாது; அங்கே மாணவர் அடுத்த படியாகிய, அந்தக் காவலையே தளர்த்தும் ‘செட்என்ஃபோர்ஸ் 0’க்கு உயர்கிறார். இதற்கிடையே ஒரு வரலாற்றுக் குறிப்பு: 1971இன் யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே சிஎச்மாட் உண்டு. ஆனால் அன்று உரிமையாளர், மற்றவர் என்ற இரு பிரிவே. குழு பின்னர் வந்தது. எனவே யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் விரும்பியிருந்தாலும் இன்றைய பொருளில் 777 போட்டிருக்க இயலாது. கணினி வரலாற்றில் அது ஓர் அமைதியான காலம்.

ஆகவே பயில்வோர் செய்யத்தக்கது: மறுப்பு வந்ததும், மறுக்கப்பட்ட நிரல் யார் பெயரில் ஓடுகிறது என்று பிஎஸ் கட்டளையில் பாருங்கள். கோப்பின் முழுப் பாதையை நேம்ஐ மைனஸ் எல் கட்டளைக்குக் கொடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரும் அனுமதியும் ஒரே திரையில் வரும். எந்தப் படியில் ஆள் நிற்கிறார் என்று அதில் தெரிந்துவிடும். அவர் எழுத வேண்டிய அந்த ஒரு டைரக்டரியை மட்டும் சிஎச்ஓன் போட்டு அவர் பெயருக்கு மாற்றுங்கள். பெரும்பாலான தளங்களுக்கு டைரக்டரிக்கு 755, கோப்புக்கு 644 போதும்.