மேகத்தில் ஒரு கிடங்கு

அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் மேகம் இலவசம். கணினி மேகமோ ஓடும் நொடியை எண்ணிக் காசு வாங்கும். அதில் தரவுக் கிடங்கு அமைப்பது எளிது. ஸ்னோஃப்ளேக் என்ற மேகச் சேவையில் கணக்குத் திறந்து, ஃபைவ்டிரான் போன்ற நகலெடுக்கும் கருவிக்குத் தனிப் பயனர் பெயரும் எழுதும் உரிமையும் கொடுத்து, மூலத் தரவைப் படிக்க வழிவிட்டால் போதும். கருவி முதல்முறை தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு முழுவதையும் பிரதியெடுக்கும். பிறகு மாறிய வரிகளை மட்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு 18 கிலோ காட்டி, சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிந்தால், மேகம் ஏறுவது 16. அரைநாள் கூலியாகப் பதிந்த அரைப்பேர் அரைப்பேராகவே போய்ச் சேரும். நகலின் நேர்மையில் குறை சொல்ல இடமில்லை. கழிந்த 2 கிலோவுக்குத்தான் எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை.