பத்து டாலர்த் தேய்மானம்: மூலமும் உரையும்

தமிழில் இதுகாறும் எவரும் தொடாத பொருள் இது. தொட்டிருந்தாலும் நான் படித்ததில்லை. ஆய்வுலகில் இரண்டும் ஒன்றே. நியூயார்க் முதலீட்டு வங்கிகளில் வேலை கேட்டு வரும் இளைஞரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கேட்கும் வினாக்களைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் உரைப்பதே நோக்கம். ஆய்வு எல்லை: நாற்காலியில் அமர்வது முதல் எழுவது வரை.

1. பெயரியல்

முதலீட்டு வங்கி என்பது நாம் அறிந்த வங்கி அன்று. அங்கே பாஸ்புக் இல்லை, நகைக்கடன் இல்லை, நூலில் கட்டிய பேனா இல்லை. நிறுவனங்கள் பங்கும் கடன்பத்திரமும் விற்றுப் பணம் திரட்டவும், ஒன்றை ஒன்று விலைக்கு வாங்கி விழுங்கவும் கூட இருந்து கூலி பெறும் இடம் அது. மக்களின் வைப்புத்தொகையை வாங்கும் வங்கியும் இதுவும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாகாது என்று 1933இல் கிளாஸ்-ஸ்டீகல் சட்டத்தால் அமெரிக்கா பிரித்தது. இருக்கலாம் என்று 1999இல் சேர்த்தது. 2008இல் நெருக்கடி வந்தது. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு உண்டு என்பர் ஒருசாரார். இல்லை என்பர் ஒருசாரார். இருசாராருக்கும் பேராசிரியர் பதவி உண்டு.

2. வகையியல்

வினாக்கள் ஐவகைப்படும்.

தற்கூற்று: “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” இரண்டு நிமிடம். பிறந்ததே இந்த நாற்காலியில் வந்து உட்காரத்தான் என்று தோன்ற வேண்டும்.

காரணம் கேட்டல்: “ஏன் இந்தத் தொழில்?” விடையில் ‘பணம்’ என்ற சொல் வரலாகாது. நாளெல்லாம் பணத்தையே பேசும் கட்டடத்தில் இந்த அரைமணி நேரம் மட்டும் அது இடக்கர்.

குறை கேட்டல்: “அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்.” வேறு விடை இதுவரை கிடைத்திலது.

குடைச்சல்: கடிகாரம் 3:15 காட்டும்போது இரு முட்களுக்கும் நடுவே எத்தனை பாகை? பூச்சியம் என்பவன் எழுந்து போகலாம். பெரிய முள் மூன்றைத் தொடுவதற்குள் சின்ன முள் சற்றே நகர்ந்துவிடுவதால் விடை ஏழரை. இவ்வெண்ணை முந்தானையில் முடிந்துகொள்க. பழங்காலத்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்வதும் உண்டு. அது திறக்கவே முடியாதபடி அடைத்த உயர்மாடி ஜன்னல். மைக்கேல் லூயிஸ் 1989இல் வெளியிட்ட ‘லையர்ஸ் போக்கர்’ நூலில் இச்செய்தி உண்டு.

ஐந்தாவது, தேய்மானம். இது தனி இயல் வேண்டும் பெருமையுடைத்து.

3. தேய்மான இயல்

மூலம்: “தேய்மானம் பத்து டாலர் கூடினால் மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்?”

பொழிப்புரை: வருமான அறிக்கையில் வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும். வரி 40 விழுக்காடு எனின் கட்டும் வரியில் 4 மிச்சம். ஆகவே நிகர லாபத்தில் குறைவது 6. தேய்மானம் ஏட்டில் எழுதும் செலவே அன்றிக் கையை விட்டுப் போன காசு அன்று. ஆதலின் பணப்பாய்வு அறிக்கையில் அந்தப் பத்தைத் திரும்பக் கூட்டுக. கழிந்தது 6, கூடியது 10, ரொக்கம் 4 மிகும். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 4 ஏறும், கட்டடமும் இயந்திரமும் 10 இறங்கும். சொத்துப் பக்கம் 6 குறையும். எதிர்ப்பக்கத்தில் சேர்த்துவைத்த லாபமும் 6 குறையும். இருபக்கமும் சமன். சுபம்.

அகலவுரை: பத்து என்றது ஏன், பதினொன்று ஆகாதோ எனின், ஆகாது, விரல் பத்தே ஆகலின் என்க. டாலர் என்றது இடம் நோக்கி. கூடினால் என்றதனால் குறைவதும் கொள்க (அறைத்தோழர் உரை, பல் துலக்கும்போது).

பாடபேதம்: 40 என்பது பழைய ஏட்டுப் பாடம். கூட்டரசின் நிறுவன வரி 35 விழுக்காட்டிலிருந்து 21 ஆக இறங்க 2017இல் சட்டம் வந்தபின், மாநில வரியும் சேர்த்து 25 எனக் கொள்வது புதுப்பள்ளி. அவர் பாடப்படி நிகர லாபத்தில் குறைவது ஏழரை. ரொக்கத்தில் கூடுவது இரண்டரை. இரு பள்ளியாரும் ஒருவரோடொருவர் உணவருந்துவதில்லை (மின்தூக்கி வாய்மொழி, 31ஆம் மாடிக்கும் 32ஆம் மாடிக்கும் நடுவே, கதவு திறந்துவிட்டதால் இறுதிப் பகுதி சிதைவு).

மூன்றாம் சான்று தலையாயது. காப்பிக்கடையொன்றின் காகிதக் கைத்துடைப்பில் நீல மையால் நான்கு வரியாக எழுதப்பட்ட முழு விடை அது. மூன்றாம் வரியைக் காப்பிக் கறை தின்றுவிட்டது. அங்கே ‘ரொக்கம்’ என்று இருந்ததை ‘ரொம்பக் கம்மி’ என்று படிப்பாரும் உளர். அது பாடமன்று, ஆயினும் பொருந்தும். கறை பாலுடன் கூடியதா பாலில்லாததா என்று முப்பது பக்கம் ஆராய்ந்த பதிப்பாசிரியர், முன்னுரையில் தம் நெறியாளருக்கு ஒன்பது பக்கம் நன்றி கூறுகிறார். விடை சரியா என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்திலது. நம் பல்கலைக்கழக மரபுக்கு இது மாறானதும் அன்று.

இனி ஒரு குறை. தேய்ந்தது எது? மூலம் வாய் திறக்கவில்லை. இயந்திரம் என்பர் சிலர். லாரி என்பார் ஒருவர். அவர் தாய்மாமனுக்கு நாமக்கல்லில் லாரி உண்டு. எழுவாயைச் சொல்லாமல் விட்டது நூலாசிரியரின் வழு என்பது என் துணிபு.

கேட்பவர் இரண்டாண்டுக்கு முன் இதே கேள்விக்கு இதே விடையை ஒப்பித்து உள்ளே வந்தவர். சொல்பவன் இரண்டாண்டு கழித்து இதையே கேட்கப் போகிறவன். தெரிந்ததைத் தெரிந்தவர் தெரிந்தவனிடம் கேட்கும் இம்முறைக்கு நம்மூரில் வாய்மொழித் தேர்வு என்று பெயர். முடிவில் நாம் பிரியாணி போடுகிறோம். அங்கே அதுவும் இல்லை.

4. சூப்பர்டே இயல்

இறுதிச் சுற்று. இதே கேள்வி, ஒரே நாளில், பல அறைகளில்.

5. ஒழிபியல்

எல்லாம் முடிந்தபின், “எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?” என்பர். இதற்கும் மனப்பாடக் கேள்விகள் உள. கேட்கலாகாதது ஒன்றே: “நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?” 2021இல் அமெரிக்கப் பெருவங்கி ஒன்றின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தாமே கணக்கெடுத்து, வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை என்று அறிவித்தனர். அந்தக் குறையையும் ஸ்லைடு போட்டே சொன்னார்கள் என்பது அறியத்தக்கது.

கள ஆய்வு: தரவு ஒன்று. என் அக்கா மகன். 40 பாடம், 25 பாடம் இரண்டையும் ஒப்பித்து நியூயார்க்கில் வேலையில் சேர்ந்தவன். போன மாதம் பகல் பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டான்.

“மாமா, சாப்டாச்சா?”

“இப்பத்தான். அங்க மணி என்னடா?”

“மூணேகால் மாமா. ராத்திரி. ஸ்லைடுல ஒரு லோகோ கொஞ்சம் எடது பக்கம் தள்ளிப்போச்சாம். சரி பண்ணிட்டிருக்கேன்.”

“நீ சாப்ட்டியா?”

“எந்த வேளைய கேக்கறீங்க?”

பாடபேதம் பற்றி அவனிடம் கேட்க எழுதிவைத்திருந்த பதினான்கு வினாக்களையும் மடித்துவைத்தேன். அக்காவிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. கடிகாரக் கணக்கில் ஏழரை வருகிறது என்று மட்டும் வாய்தவறிச் சொன்னேன். மறுவாரமே திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள்.

பின்குறிப்பு: தேய்ந்தது எது என்று சொல்லாமல் விட்டது மூலத்தின் வழு என்று மூன்றாம் இயலில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.