மீட்டர் முன் வண்டி: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மீட்டர் பார்க்க வரும் ஊழியரை உள்ளே விட மறுத்தால், 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம் என்கிறது மின்சாரச் சட்டம் 2003-இன் 163-ஆம் பிரிவு. மறிப்பவர் மனிதராக இருப்பார் என்று சட்டம் நம்பிவிட்டது. மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டியை ஒட்டி நிற்கும் புல்லட்டிடம் நோட்டீஸைக் கொடுக்க முடியாது. துண்டிக்க அதற்கு இணைப்பும் இல்லை. இந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

இந்நோய்க்கு மூல காரணம் சிப்காட். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வருபவர், கிடைத்த சந்தில் வண்டியைச் செருகி, ஹேண்டில் லாக் போட்டு, சாவியோடு படுத்துவிடுகிறார். ரீடிங் எடுப்பவர் வருவது பதினோரு மணிக்கு. "வண்டி யாரோடது?" என்று கேட்டால், லைன் வீடுகளில் மாறாத பதில் ஒன்று உண்டு: "பின் போர்ஷன் அண்ணனோடது சார். நைட் ஷிப்ட். எழுப்பினா கத்துவாரு."

இனி இயக்கவியல். டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஒரே ஆள் ஒதுக்கிவிடலாம் என்பதால் அது ஆய்வுக்குத் தகுதி பெறவில்லை. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஓரடி நகர்த்தலாம். சென்டர் ஸ்டாண்டும் ஹேண்டில் லாக்கும் சேர்ந்த புல்லட்டுக்கோ பரிகாரமே இல்லை. ரீடிங் எடுப்பவர் சீட்டின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, செல்போனை நீட்டி ஜூம் செய்கிறார். மீட்டர் திரை அப்போது தேதியைக் காட்டும். பிறகு மணியைக் காட்டும். யூனிட் வரும் நேரத்தில் முழங்கால் வழுக்கும்.

திருவள்ளூரில் இதற்கு அமாவாசை வகை ஒன்றுண்டு. வீரராகவர் கோயிலுக்கு வந்த வெளியூர்க் கார் ஒன்று கேட்டை அடைத்து நிற்கும். உரிமையாளர் குளக்கரைக் கூட்டத்தில் இருப்பார். இங்கே எழுப்புவதற்குக்கூட ஆள் இல்லை.

இழப்பு யாருக்கு என்பதே இவ்வாய்வின் மையம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறும். 498-இல் நிற்கவேண்டிய கணக்கு, ரீடிங் எடுப்பது நாலு நாள் தள்ளிப்போனால் தாண்டிவிடும். அப்படித் தாண்டுவது முன் போர்ஷன் அக்காவின் மீட்டர். புல்லட்காரர் மீட்டர் சுவரின் மறுகோடியில், எந்த மறைப்பும் இல்லாமல், பளிச்சென்று இருக்கும். வண்டியை நிறுத்தும்போது அவர் அரைத்தூக்கத்தில் இருந்தார் என்ற வாதத்தை இத்தரவு பலவீனப்படுத்துகிறது.

இரும்பாலைகளின் உயரழுத்த மீட்டர் முன்னால் மட்டும் எவரும் வண்டி விடுவதில்லை. விட்டால் செக்யூரிட்டியின் விசிலுக்கு டிரெய்லரே நகர்கிறது. லைன் வீட்டுக்கு ஒரு விசில் வாங்கித் தரலாம். ஊதினால் நைட் ஷிப்ட் அண்ணன் எழுந்துவிடுவார்.

அண்மைக்கால வரவு மின் ஸ்கூட்டர். மீட்டருக்குப் பக்கத்து பிளக்கில் ஒயரைச் சொருகிக்கொண்டு, தான் குடிக்கும் கரண்டை எண்ணவிடாமல் தானே குறுக்கே நிற்கிறது. இதற்கு ஒரு தனி ஆய்வு தேவைப்படும்.