ஈரத்தோடு வழக்காடுபவர்

பொருளை ஒளித்து வைப்பவர்களை உலகம் ஆதிகாலந்தொட்டே அறியும். மருமகளுக்குத் தெரியாமல் கடுகு டப்பாவின் அடியில் நோட்டை மடித்து வைக்கும் மாமியாரும், டாக்டர் வேண்டாமென்று சொன்ன சுருட்டைப் பூஜை அலமாரிக்குப் பின்னால் செருகி வைக்கும் பெரியவரும், சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக் கணக்குக்கு வராமல் நிறுத்திக்கொள்ளும் குமாஸ்தாவும் முறையில் வேறுபட்டாலும் பிரார்த்தனையில் ஒன்றுபட்டவர்கள்; வைத்ததை ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதே அவர்களுடைய அந்தரங்க வேண்டுதல். ஆனால், மிகுந்த பிரயாசைப்பட்டு ஒரு பொருளை ஒளித்து வைத்துவிட்டு, அதை எவராவது வந்து கண்டுபிடிக்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடக்கும் ஒரு வர்க்கமும் இந்தப் பூமியில் உண்டு என்பதை, அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள ஃப்ளோரிடா மாநிலத்தில், கெயின்ஸ்வில் என்ற ஊரில், என் மகன் வீட்டில் ஒரு கோடையைக் கழிக்க நேர்ந்தபோதுதான் நான் அறிந்தேன்.

அடுத்த வீட்டுக்காரர் அந்த வர்க்கத்தின் சிறந்த பிரதிநிதி. அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை; காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவரே அதைச் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தார் ஒவ்வொருவரும் பறவை, பிராணி, பூண்டு என்று ஏதாவது ஒன்றின் பெயரைத் தரித்துக்கொண்டு, அதற்கேற்ற ரப்பர் முத்திரை ஒன்றையும் தம் கையாலேயே செதுக்கி வைத்துக்கொள்வது சம்பிரதாயம். நம்மவருடைய முத்திரை ஆமை. அந்தப் பக்கத்து மணலில் வளை தோண்டி வாழும் ஒருவகை நில ஆமை அது. தன் வளையில் 350க்கு மேற்பட்ட பிற ஜீவராசி வகைகளுக்கு இடம் கொடுக்கும் தயாளகுணம் படைத்தது. ஆயினும், சட்டப் பாதுகாப்புப் பெற்ற அந்தப் பிராணியின் வீட்டில் தம் பெட்டிக்கு ஒண்டுக்குடித்தனம் கேட்பதில்லை என்பதை நம்மவர் ஒரு விரதமாகவே அனுஷ்டித்து வந்தார்.

விளையாட்டின் பெயர் லெட்டர்பாக்ஸிங். காட்டில் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார்கள். அதற்குள் ஒரு முத்திரையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் இருக்கும். எங்கே இருக்கிறதென்று விடுகதை போன்ற ஒரு குறிப்பை எழுதி வெளியிடுவார்கள். தேடிக் கண்டவர் தம் முத்திரையைப் பெட்டியின் புத்தகத்திலும், பெட்டியின் முத்திரையைத் தம் புத்தகத்திலும் பதித்துக்கொண்டு, இருந்தபடியே ஒளித்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரிசு கிடையாது, பந்தயம் கிடையாது, கடிதம் என்பதும் கிடையாது. கடிதமில்லாத பெட்டிக்குக் கடிதப்பெட்டி என்று பெயர் வந்ததற்கு இங்கிலாந்தில், டெவன் பிரதேசத்தின் டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்தைத்தான் கேட்க வேண்டும். 1854ஆம் ஆண்டில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் எட்ட முடியாத கிரான்மியர் பூல் என்னும் சதுப்புக்கு அழைத்துச் சென்ற கனவான்கள் தாம் வந்ததற்கு அடையாளமாகப் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுவிட்டுப் போவதற்காக ஒரு பாட்டிலை அங்கே வைத்தார். பின்னால் வந்தவர்கள் விலாசமெழுதிய தபாலட்டைகளை விட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அவற்றை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பது வழக்கமாயிற்று. நெடுங்காலம் அந்த மேட்டுநிலத்தோடு நின்றிருந்த இந்தப் பித்து, 1998இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையின் வழியாக அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது.

டார்ட்மூரிலும் மழை உண்டு, மூடுபனி உண்டு. ஆனால் அது குளிர்ந்த ஈரம், சோம்பேறி ஈரம். ஃப்ளோரிடாவின் ஈரமோ வெப்பத்தின் சகவாசத்தால் சுறுசுறுப்படைந்த ஈரம். கோடையில் பகல் 33 டிகிரியும் இரவு 22 டிகிரியுமாக, பிற்பகல்தோறும் இடியும் மழையுமாக, விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிப் புல் நுனியெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கும் ஓர் ஊரில், காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டில் வைப்பேன் என்று ஒருவர் கிளம்புவாரானால், அவரைப் பிடிவாதக்காரர் என்பதா, பக்தர் என்பதா என்று தீர்மானிப்பது கடினம். குளிர்பதனக் காரிலிருந்து இறங்கிய மறுகணம் அவருடைய மூக்குக் கண்ணாடி வெள்ளைவெளேரென்று மூடிக்கொள்ளும். அவர் அதைத் துடைப்பதில்லை. உள்ளங்கையைக் கதவின் மேல் ஊன்றியபடி, எதிரியின் முதல் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளும் சேனாதிபதியைப் போல, அது தானாகத் தெளியும் வரையில் நிற்பார்.

அவருடைய பெட்டிகளின் பரம்பரை ஒரு தனிச் சரித்திரம். முதலில் வைத்தது பிஸ்கட் தகரம். ஒரே மழைக்காலத்தில் மூடியும் உடலும் துருவால் ஒன்றாகி அத்வைதம் அடைந்தன. இரண்டாவது, வேர்க்கடலை வெண்ணெய் வந்த பிளாஸ்டிக் ஜாடி. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் தன் பூர்வாசிரம வாசனையை விடாது என்ற உண்மையை அவருக்கு முன்னே ஒரு ரக்கூன் அறிந்துகொண்டது. ஒரு பெட்டியை முதலில் கண்டுபிடிப்பவர் என்ற பதவிக்கு அந்தக் கூட்டத்தில் பெரிய கௌரவம் உண்டு. அந்த ஜாடியைப் பொறுத்தவரையில் அந்த கௌரவம் பல் அடையாளத்தோடு பதிவாகியிருந்தது. மூன்றாவது, ராணுவம் கழித்து விற்கும் துப்பாக்கி ரவைப் பெட்டி: கனத்த இரும்பு, ரப்பர் விளிம்பு, யானை மிதித்தாலும் அசையாது. ஈரம் அதற்குள் புகவில்லை. ஆனால் பூங்காவின் பெஞ்சுக்கடியில் ரவைப் பெட்டியைக் கண்ட ஒரு தாயார் போலீசுக்குச் சொல்லியனுப்பிவிட்டதால், அந்த உத்தமமான பெட்டி காட்டு வாழ்க்கையைத் துறந்து வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. கடைசியாக அவர் சரணடைந்தது, நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும், சிலிக்கோன் விளிம்புள்ள சோற்று டப்பா. அதையும் தலைகீழாகத்தான் வைப்பார். மூடியின் மேல் நீர் தேங்கக் கூடாதாம். இடையில், ஈரத்துக்கு வெளியேற வழி இருந்தால் போய்விடும் என்ற சித்தாந்தத்தில் சிறிது காலம் நம்பிக்கை வைத்து, டப்பாவின் அடியில் ஒரு துளையிட்டுப் பார்த்தார். ஈரம் வெளியே போகவில்லை. செவ்வெறும்புகள் அதை வாசல் என்று எடுத்துக்கொண்டு முட்டைகளோடு குடிபுகுந்தன.

“மூடியிருந்தாலும் பெட்டி மூச்சு விடுகிறது” என்று ஒரு நாள் மாலை வேலிக்கு அப்பாலிருந்து எனக்கு உபதேசம் செய்தார். பகலில் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து, விளிம்பின் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாக வெளியே போகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, போன காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. 33 டிகிரியிலிருந்து 22க்கு இறங்கினால் சுருக்கம் சுமார் மூன்றரை சதவீதம். ஒரு நாளைக்கு மூன்றரை சதவீதம் அற்பம்தான். கந்துவட்டிக்காரனும் அற்பமாகத்தான் ஆரம்பிக்கிறான். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்று நான் என் ஊர் வித்தையை எடுத்துரைத்தேன். அவர் பெருமூச்செறிந்தார். இங்கேயும் அது உண்டு என்றும், அதைப் பெட்டியில் போட்டுப் பார்த்ததில் எலிகளுடைய அபிமானம் ஒன்றுதான் சம்பாத்தியமாயிற்று என்றும் தெரிவித்தார்.

ஆகையால் அவர் நம்புவது சிலிக்கா ஜெல் ஒன்றைத்தான். புதுச் செருப்பு, மருந்துப் புட்டி, கைப்பை இவற்றோடு வரும் சிறு பொட்டலங்களை நாம் குப்பையில் எறிகிறோம். அவரோ தெரு முழுவதிலுமிருந்து வசூலித்தார். ஆனால் அவருக்கு உகந்தது நீல மணிகள் கொண்ட ரகம். ஈரத்தைக் குடிக்கக் குடிக்க நீலம் மாறி ரோஜா நிறமாகும். மாதம் ஒருமுறை காட்டிலிருந்து ரோஜா மணிகளைச் சேகரித்து வந்து, தட்டில் பரப்பி, அடுப்பில் 120 டிகிரி வைத்து மறுபடியும் நீலமாக்குவார். சமையலறை அடுப்பில் இந்த ஹோமம் நடந்த மறுநாளே, அவருடைய மனைவி ரொட்டி சுடும் சிறு அடுப்பு ஒன்றை வாங்கிக் கார் கொட்டகையில் வைத்து, இனி உங்கள் வைதிகமெல்லாம் அங்கே என்று எல்லை வகுத்துவிட்டார். அந்த அம்மையார் பெட்டிகளைப் பற்றி வேறு அபிப்பிராயம் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

குறிப்பு எழுதுவதிலும் ஈரம் அவரை விட்டபாடில்லை. வேறு தேசத்தில், விழுந்து கிடக்கும் கட்டையிலிருந்து 40 தப்படி என்று எழுதினால் அந்தக் கட்டை ஒரு தலைமுறைக்காவது கிடக்கும். இங்கேயோ இரண்டு கோடையில் அது கறையானுக்கும் காளானுக்கும் இரையாகி மண்ணாகிவிடுகிறது. மூன்றாவது கோடையில் அதன்மேல் புதர் முளைத்துவிடுகிறது. ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் 30 வரையில் சூறாவளிக் காலம் என்று அரசாங்கமே நாள் குறித்து வைத்திருப்பதால், நிற்கும் மரத்தையும் நம்புவதற்கில்லை. மரம் போகட்டும், அந்த ஊர் மண்ணே ஒளித்து வைப்பதில் கைதேர்ந்தது. ஊருக்குத் தெற்கே பெய்ன்ஸ் ப்ரேரி என்ற பரந்த சதுப்பு இருக்கிறது. அதன் நீர் வடியும் பாதாளத் துவாரம் 1871 வாக்கில் அடைபட்டு, சமவெளி இருபது வருஷ காலம் ஏரியாக இருந்து, அதில் நீராவிப் படகுகள் போய்வந்தன; 1891இல் துவாரம் திறந்துகொள்ளவே ஏரி பூமிக்குள் இறங்கி மறைந்து, படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. ஒரு முழு ஏரியையே மறைத்துக் காட்டிய மண்ணின் மேல் ஒரு சோற்று டப்பாவை மறைத்துவிட்டு மனிதர் கர்வப்படலாமா என்று கேட்டேன். “ஏரிக்குக் குறிப்பு எழுதி வைக்கவில்லையே!” என்றார்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒருநாள், தம் பெட்டி ஒன்றைப் பரிசோதிக்கப் போகும்போது என்னையும் அழைத்துச் சென்றார். ஓக் மரங்களிலிருந்து ஸ்பானியப் பாசி என்பது நரைத்த தாடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஸ்பெயினுடையதும் அன்று, பாசியும் அன்று, அன்னாசிக்குப் பங்காளி முறை. கடிதமில்லாத கடிதப்பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கூரை கிடையாது. மரத்தடியில் மண்டியிட்டார். கையை விடவில்லை, முதலில் கோலால் பொந்தைத் தட்டினார். பாம்புக்கு அது அழைப்பு மணி. பதில் வராததால் பெட்டியை எடுத்து, ஒரு துண்டால் மூடியைத் துடைத்து, அதே துண்டால் தம் கைகளைத் துடைத்து, பிறகு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, இன்னொரு துண்டை நீட்டினார். நான் வாங்குவதற்குள் தாமதமாகிவிட்டது. திறந்த பக்கத்தின்மேல் என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்து, ஜூன் மாதத்து விருந்தாளி ஒருவரின் வாசகம் என் கண்முன்னே நீலக் குளமாக விரிந்தது. “ஜெல் பேனா” என்றார் அவர் சாவகாசமாக. “எப்படியும் போயிருக்க வேண்டியதுதான்.”

பிறகு, ஜாதகம் பார்க்கும் ஜோசியரைப் போல ஏடு புரட்டினார். எனக்குக் கறையாகத் தெரிந்ததெல்லாம் அவருக்குச் சரித்திரமாகத் தெரிந்தது. இது சாய மை, ஓடிவிட்டது. இது நிறமி மை, ஓடாது, ஆனால் இந்தக் காற்றில் காய்வதற்குள் மூடிவிட்டார்கள், அதனால்தான் ஒரு பறவை எதிர்ப்பக்கத்திலும் பதிந்து ஜோடியாகிவிட்டது. நீர் ஒட்டாத காகிதம் விற்கிறார்களே என்றேன். நீரை ஒட்டவிடாத காகிதம் முத்திரை மையையும் ஒட்டவிடுவதில்லை என்றும், அதில் பதித்த ஆமை கட்டைவிரல் பட்டவுடன் முயலின் வேகத்தில் ஓடிவிடும் என்றும் விளக்கினார். கறுப்புப் புள்ளிகளும் சாம்பல் படலமுமாகப் பூஞ்சை ஒவ்வொரு பக்கத்திலும் தன் முத்திரையைத் தவறாமல் பதித்திருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒழுங்காக வந்து போன விருந்தாளி அது ஒன்றுதான்.

கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பென்சிலால் எழுதிய நாலு வரி மட்டும் தெளிவாக இருந்தது. பென்சில் கரி ஈரத்துக்கு அசைவதில்லை. முத்திரையோ பெயரோ இல்லை. ‘புத்தகம் நனைந்திருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் தொப்பியால் விசிறி ஒரு மணி நேரம் உலர்த்தினேன். முழுவதும் உலரவில்லை. மன்னிக்கவும்’ என்பது அதன் கருத்து. கொசு மொய்க்கும் அந்தப் பொந்தின் அருகே, முன்பின் அறியாத ஒருவருடைய நோட்டுப் புத்தகத்துக்காக, ஒரு மணி நேரம் தொப்பியை விசிறிக்கொண்டிருந்த அந்த மனிதரை நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். நம்மவர் அதை இரண்டு முறை படித்தார். “தொப்பியால் விசிறக் கூடாது” என்றார். “இந்தக் காற்றால் விசிறினால் ஈரத்தை எடுத்துத் தாளில் பூசுவதுதான்.” புதுப் புத்தகம் ஒன்றை உள்ளே வைத்து, நீல மணிகளை மாற்றி, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒளித்துவிட்டு, காருக்கு வந்து சேரும் வரையில் வேறு ஒன்றும் பேசவில்லை.

வீடு திரும்பியதும் என்னை உள்ளே கூப்பிட்டார். குளிர்பதனம் இரவும் பகலும் ஓடும் கூடத்தில், அலமாரியின் நடுத்தட்டில், போலீசைப் பயமுறுத்திய அந்தப் பழைய ரவைப் பெட்டி வீற்றிருந்தது. கொக்கியைத் தூக்கினார். உள்ளே ஒன்பது புத்தகங்கள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். ஒன்றை வாங்கிப் புரட்டினேன். ஒட்டிய தாள்கள், ஓடிய மை, பூஞ்சையின் தேமல். ஒரு பக்கத்திலாவது ஓர் எழுத்தைக் கூட்டி வாசிக்க இயலவில்லை. பத்தாவதாக இன்று வந்ததை உறையிலிட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, பென்சில் வரி உள்ள பக்கம் மேலே தெரியும்படி வைத்தார். பெட்டியின் ஒரு மூலையில் சிலிக்கா மணிகள் ஒரு சிறு கிண்ணம் நிறைய இருந்தன. எப்போது வைத்தது என்று கேட்டேன். நான்கு வருஷம் இருக்கும் என்றார்.

வாங்கிய நாளில் இருந்தது போலவே நீலமாக இருந்தன.