டிராகன் வீட்டுச் சம்பந்தம்

அபிப்பிராயம் சொல்வதற்கு முன்னால் புஸ்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று ஒரு நியதி ஏற்பட்டுவிடுமானால், உலகத்தில் நடைபெறும் இலக்கிய சம்பாஷணைகளில் முக்கால் பங்கு அன்றே நின்றுபோய், மிச்சமுள்ள கால் பங்கும் சுவாரசியமில்லாமல்தான் நடக்கும் என்பது என் நெடுநாளைய எண்ணம். அந்த எண்ணத்துக்கு இத்தனை பலமான சாட்சியம் என் வீட்டு மொட்டைமாடியிலேயே, அதுவும் என் தர்மபத்தினியின் வாயிலாகவே கிடைக்கும் என்று மட்டும் நான் எதிர்பார்த்ததில்லை.

கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கும் என் பேத்தி கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி வந்தபோது, அவளுடைய பெட்டியிலிருந்து துணிமணிகளைக் காட்டிலும் கனமாக ஒரு புஸ்தகம் வெளிப்பட்டது. கெட்டி அட்டை, ஏறக்குறைய ஐந்நூறு பக்கம், ஏடுகளின் ஓரமெல்லாம் கறுப்புச் சாயம் தோய்த்து அதன்மேல் டிராகன்கள் பறப்பதாகச் சித்திரம். சாயம் கையில் ஒட்டுமோ என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தேன்.

"எழுதினது யாரும்மா?"

"யாரோஸ், தாத்தா."

"யாரோ எழுதினதையா இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினே?"

"ஐயோ, அதுதான் அவங்க பேரு. ரெபெக்கா யாரோஸ்."

அந்த அம்மையார் அமெரிக்க ராணுவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணவர் இருபது வருஷத்துக்கு மேல் படையில் இருந்தவர். தாமோ ஆறு குழந்தைகளுக்குத் தாய். சிப்பாய்களின் காதலையும் பிரிவையும் வைத்து வரிசையாக நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், 2023ஆம் வருஷம் மே மாதத்தில் வெளிவந்த 'ஃபோர்த் விங்' என்ற இந்த நூலில் தம் சிப்பாய்களை டிராகன்மேல் ஏற்றி உட்கார வைத்தார். அதன் பிறகு கீழே இறங்க வேண்டிய அவசியம் அவருக்கும் ஏற்படவில்லை, அவருடைய பதிப்பாளருக்கும் ஏற்படவில்லை. அதே வருஷம் நவம்பரில் 'அயர்ன் ஃபிளேம்' என்று இரண்டாம் பாகம். 2025 ஜனவரியில் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' என்று மூன்றாம் பாகம். இந்த மூன்றாவது, முதல் வாரத்தில் மட்டும் 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. என்னுடைய கட்டுரைத் தொகுதி ஒன்று அச்சான ஐந்நூறு பிரதிகளில் முந்நூற்றுச் சொச்சம் இன்னமும் பரண்மேல் க்ஷேமமாக இருக்கின்றது என்ற தகவலை, பின்னால் நான் சொல்லப்போகும் எதையும் பொறாமை என்று வாசகர்கள் தவறாக எண்ணாதிருக்கும்பொருட்டு, இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கதையைத் தமிழில் சொல்லக் கேட்க வேண்டும் என்று என் மனைவி பிரியப்பட்டாள். அது கூழ்வற்றல் போடுகிற காலம். காலையில் மாடியில் வற்றலைப் பிழிந்துவிட்டுக் காக்கைக்குக் காவலாக நிழலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதை கேட்பதைவிட உசிதமான வேலை கிடையாது. ஆனால் முதல் வாக்கியத்திலேயே கதை தடைப்பட்டது. டிராகன் என்பது என்ன பிராணி என்று அவள் கேட்டாள். இறக்கை உண்டு, செதில் உண்டு, வாயால் நெருப்பைக் கக்கும், மனிதர்களோடு பேசும் என்று பேத்தி லக்ஷணங்களை அடுக்கினாளே தவிர, ஒரு பெயர் அகப்படவில்லை. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், மாடிச் சுவருக்கு அப்பாலிருந்து, தமிழ் வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்திலே அதற்கு 'வலுசர்ப்பம்' என்று அருமையான சொல் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். கையோடு, அந்த அதிகாரத்தில் வலுசர்ப்பம் என்பது சாட்சாத் சாத்தானே ஆகையால், வயசுப் பெண் அதன்மேல் ஏறிச் சவாரி செய்வதாக எழுதியிருக்கும் நூல் ஒருநாளும் நல்ல நூலாக இருக்க முடியாது என்ற தம் விமரிசனத்தையும் சேர்த்துக் கொடுத்தார். படிக்காமல் பெறப்பட்ட முதல் அபிப்பிராயம் அது.

என் மனைவி சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு விமரிசனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மற்றப் பெயர்களையும் அவள் தன் சௌகரியத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டாள். கதாநாயகி வயலட், 'வயலெட்டு' ஆனாள். ஆண்டார்னா என்ற பொன்னிறக் குட்டி டிராகன் 'ஆண்டாள்' ஆயிற்று. ஸேடன் என்ற கதாநாயகனுக்குச் 'சேடன்' என்று பெயர் அமைந்தபோது நானே திடுக்கிட்டேன். ஆயிரம் தலையோடு உலகைத் தாங்கும் ஆதிசேடனின் பெயரைச் சர்ப்பத்தின் மீது சவாரி செய்கிறவனுக்கு வைத்ததில் எவ்வளவு பொருத்தம் இருக்கிறது என்பதை அமெரிக்காவில் அந்த அம்மையாருக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். பெயர் விஷயத்தில் அவர் ஏற்கெனவே கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்: ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து சொற்களை எடுத்து டிராகன்களுக்குச் சூட்டிவிட்டு, பேட்டியில் அவற்றை உச்சரித்துக் காட்டியபோது, அந்த மொழிக்காரர்கள் உச்சரிப்புப் பிழை என்று சண்டைக்கு வந்தார்கள். ழகரத்தை வைத்துக்கொண்டு தினந்தோறும் அவஸ்தைப்படும் நமக்கு இரு தரப்பாரிடத்தும் அனுதாபம் உண்டாவது இயற்கை.

இனி, கதை. புஸ்தகசாலையில் ஏடு காத்துப் படிப்பாளியாகக் காலம் கழிக்க ஆசைப்பட்ட இருபது வயதுப் பெண் வயலட். பிறவியிலேயே மெல்லிய உடம்பு, மூட்டுகள் சற்று அழுத்தினால் நழுவிவிடும். தாயார் படைத்தலைவி. அந்தத் தாயார், எழுத்தர் பிரிவுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவளைக் கட்டாயப்படுத்தி, பாஸ்கியத் போர்க் கல்லூரியில் டிராகன் சவாரிப் பிரிவில் சேர்க்கிறாள். வாசலிலேயே பரீட்சை: கைப்பிடியில்லாத ஒடுங்கிய கற்பாலத்தை நடந்து கடக்க வேண்டும், தவறினவர் மரித்தவர். இந்த இடத்தில் என் மனைவி, "தமிழ் படிக்கணும்னு அழுத பிள்ளையை என்ஜினீயரிங்ல தள்ளின கதை மாதிரில்லா இருக்கு!" என்று சொல்லிவிட்டுக் காக்கையை விரட்டினாள். பேத்தி ஒன்றும் பதில் பேசாமல் சற்று நேரம் வானத்தைப் பார்த்தாள்; அவளைக் கல்லூரியில் சேர்த்தபோது நானும் உடன் சென்றிருந்தபடியால் நானும் வானத்தைப் பார்த்தேன்.

இதற்குள் பேத்தியின் சிநேகிதிகள் மூவர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நால்வரும் நூலைப் படித்தவர்கள் ஆகையால், அபிப்பிராயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதலாமவள் இந்த நூலின் பரம பக்தை. நோயுள்ள உடம்போடு ஒரு பெண் நாயகியாக நிமிர்ந்து நிற்கிறாள், ஆசிரியைக்கே மூட்டு நழுவும் அந்த வியாதி உண்டு, ஆகவே எழுத்திலே சத்தியம் இருக்கிறது என்றாள். மூட்டுவலியோடு மாடிப்படி ஏறிவந்திருந்த என் மனைவி அதை ஆமோதித்தாள். இரண்டாமவள், நான்கு பிரிவாகப் பிள்ளைகளைப் பிரித்து ஒருவரையொருவர் கொல்ல விடுவதெல்லாம் 2008ல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்', 2011ல் வந்த 'டைவர்ஜென்ட்' ஆகியவற்றின் மறுபதிப்பு என்றும், மனத்தோடு மனம் பேசும் டிராகன்களை ஆன் மெக்காஃப்ரி 1968லேயே 'டிராகன்ஃபிளைட்' நாவலில் பறக்கவிட்டுவிட்டார் என்றும் வாதித்தாள். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய கிறிஸ்டோபர் பவோலினியின் 'எராகன்'தான் டிராகன் நூல், ஏனெனில் அதில் காதல் குறைவு என்பது அவள் சித்தாந்தம். கத்தியும் கேடயமும் தாங்கிய காலத்துப் பாத்திரங்கள் இன்றைய அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளைப் போல் வசைபாடிப் பேசுவது சகிக்கவில்லை என்றும் அவள் சொன்னாள். அதை மட்டும் நான் ஆக்ஷேபித்தேன். நம்முடைய சரித்திரத் தொடர்கதைகளில் சோழ நாட்டு ஒற்றர்கள் சென்னைப் பத்திரிகைத் தமிழில் வேவு பார்த்ததைக் கண்ணீர் மல்கப் படித்த தலைமுறை நாங்கள். பிறரைக் குறை சொல்லும் யோக்கியதை எங்களுக்கில்லை.

மூன்றாமவளுக்கு இருந்த ஒரே கவலை டெய்ன் என்ற பால்ய சிநேகிதனைப் பற்றியது. வயலட்டை ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிச் சொல்லியே அவளை ஒன்றுக்கும் உதவாதவளாக எண்ணுகிறவன் அவன். அவன் ஒழுங்கானவன், ஆனால் சலிப்பூட்டுகிறவன் என்றும், ஸேடன் அபாயமானவன், ஆகவே சிலாக்கியமானவன் என்றும் அவள் தீர்ப்பளித்தாள். ஐம்பது வருஷமாக ஒழுங்காக இருந்து வந்திருக்கும் எனக்கு இது சிந்தனைக்கு இடமளித்தது.

இது இளையோர்க்குரிய நூலா, வயது வந்தோர்க்குரிய நூலா என்ற விவாதம் அதற்குப் பிறகு கிளம்பிற்று. பதிப்பாளர் இதை வயது வந்தோர்க்கென்றே வெளியிட்டிருக்கிறார். ஆனால் பள்ளிக்கூடமும் பரீட்சையும் பொறாமையும் நிறைந்த கதையமைப்பைப் பார்த்துப் பலர் இளையோர் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நூலின் பிற்பகுதிக்கு வந்து சேரும் பெற்றோர்தான் அலமாரியை மாற்றுகிறார்கள். அந்தப் பிற்பகுதியை நான் படிக்கவில்லை என்றால் பொய்யாகும். படித்தேன் என்றால் வம்பாகும். நான் இரவில் யாரும் அறியாமல் நூலை எடுத்துப் படித்ததெல்லாம் டேர்ன் என்னும் கறுத்த பெரிய டிராகனுக்காகவே என்று வாசகர்கள் நம்பினால் போதும். வயதில் மூத்தது, முன்கோபி, தன்மேல் ஏறியிருக்கும் பெண்ணின் மனத்தில் ஓடும் காதல் விசாரங்களெல்லாம் தன் காதிலும் வந்து விழுகின்றனவே என்று ஓயாமல் அலுத்துக்கொள்வது, ஆனாலும் அவளுக்கு ஒன்று என்றால் மலையைப் பெயர்ப்பது. கூட்டுக் குடும்பத்தில் தாத்தாவாக இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பாத்திரத்தின் நுட்பம் விளங்கும்.

பேத்தியும் கதையில் அந்த அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கணம் தயங்கினாள், என்னைப் பார்த்தாள், சிநேகிதிகளைப் பார்த்தாள், பிறகு, "அப்புறம் ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்க ஆச்சி, அப்போ பீரோ உடைஞ்சு போச்சு" என்று ஒரே வாக்கியத்தில் அத்தியாயத்தை முடித்துவிட்டாள். சிநேகிதிகள் மூவருக்கும் ஏககாலத்தில் இருமல் வந்தது.

"பேசினா பீரோ எப்படிட்டி உடையும்?"

"அது... ரொம்பப் பழைய பீரோ, ஆச்சி."

"தேக்கா?"

ஒருவரும் விடை கூறவில்லை.

பீரோ விஷயத்தை அத்துடன் விட்டுவிட்டு, ஸேடனின் டிராகன் எது என்று அவள் கேட்டாள். ஸ்கேல் என்னும் நீலநிறப் பெண் டிராகன், அது டேர்னின் மனைவி என்றாள் பேத்தி. அந்தத் தம்பதி சில நாட்களுக்கு மேல் பிரிந்திருக்க மாட்டா. ஆகையால் சவாரி செய்கிற இருவரும் அருகருகே இருந்தே தீர வேண்டும். வயலட் இறந்தால் டேர்னுக்கு ஆபத்து, டேர்ன் போனால் ஸ்கேலுக்கு ஆபத்து, ஸ்கேல் போனால் ஸேடனும் பிழைக்க மாட்டான். ஆகையால் பகையாளியாக வந்தவன் அவளைக் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பாற்றுகிறான். அவன் தகப்பனார் கலகத்துக்குத் தலைமை தாங்கி மரண தண்டனை பெற்றவர். அவள் தாயாரோ அந்தக் கலகத்தை அடக்கிய அரசின் படைத்தலைவி. பகையில் தொடங்கிக் காதலில் முடியும் இந்த வகைக்கு வாசகர்களிடத்தில் தனி மவுசு உண்டு என்றும், அந்த வகையில் இது சிகரம் என்றும் பேத்தி முடித்தாள்.

என் மனைவி கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள்.

"இதுல காதல் எங்க இருக்கு? மூத்ததுக ரெண்டும் முதல்லயே சம்பந்தம் பண்ணி முடிச்சாச்சு. சின்னதுகளுக்கு வேற வழியில்லை, ஒரே வீட்ல இருந்தாகணும். இருக்க இருக்கப் பிடிச்சுப் போச்சு. சம்பந்திகளுக்குள்ள ஆகாது, அது எந்தக் கல்யாணத்துலதான் ஆகும்? இது பெரியவங்க பார்த்து வச்ச கல்யாணம்ட்டி."

மாடியில் நிசப்தம் நிலவிற்று. பரம பக்தைதான் முதலில் சமாளித்துக்கொண்டு, டிராகன்கள் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அந்தக் கற்பாலத்தருகே அவனைப் பார்த்த மாத்திரத்திலேயே வயலட்டின் மனம் தடுமாறிற்றே என்று ஆட்சேபித்தாள்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு ஜன்னல் வழியா நாங்களுந்தான் பார்த்தோம்."

இரண்டாமவள், குட்டி ஆண்டார்னாவைக் கொல்ல வந்தவர்களை வயலட் தனியாக எதிர்த்து நின்றதைக் கண்டுதான் டேர்ன் அவளை ஏற்றுக்கொண்டது என்று சொன்னாள்; ஆட்சேபணையாகச் சொன்னது, பெண்ணின் குணம் பார்த்து எடுத்ததற்கு அத்தாட்சியாகவே பதிவாயிற்று. ஒரே பெண்ணுக்கு டேர்ன், ஆண்டார்னா என்று இரண்டு டிராகன்கள் அமையலாமா என்று டிராகன்களின் மகாசபை கூடி ஆலோசித்து முடிவு செய்ததைச் சொன்னபோது, "பஞ்சாயத்தும் வச்சாச்சா? பிறகென்ன!" என்றாள் என் மனைவி.

எனக்கும் ஒன்று புலப்பட்டது. நம் ஜோசியத்தில் பத்துப் பொருத்தங்களில் ஒன்று யோனிப் பொருத்தம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை என்று பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கும். மிருகங்கள் ஒன்றுக்கொன்று பகையில்லாமல் இருந்தால்தான் மனிதர்கள் இருவரைச் சேர்த்துவைக்கலாம் என்பது விதி. அமெரிக்க அம்மையார் ஐந்நூறு பக்கத்தில் எழுதியிருப்பது இந்த ஒரு பொருத்தத்தின் விரிவுரையே. என் நட்சத்திரம் மகம், அதற்கு எலி. என் மனைவிக்குப் புனர்பூசம், அதற்குப் பூனை. இந்தப் பொருத்தம் மட்டும் இல்லை என்று ஜோசியர் சொல்ல, மற்றவை எல்லாம் இருக்கின்றனவே என்று என் தகப்பனார் முகூர்த்தம் வைத்துவிட்டார். பகையில் தொடங்கும் அந்த வகையைப் பற்றிப் பேசும் தகுதி எங்கள் இருவருக்கும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் பேத்தி தன் புஸ்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, டேர்னும் ஸ்கேலும் வருகிற பக்கங்களையெல்லாம் மறுபடியும் புரட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறை முடிந்து ஊருக்குப் போகும்போது, இனிமேல் அந்தக் கதையைப் பழையபடி படிக்க முடியவில்லை என்று ஆச்சியிடம் குறைபட்டுக்கொண்டாள். இரண்டாம் பாகம் தீபாவளிக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரையில் என் மனைவி என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியாது. சொன்னால் அந்த அத்தியாயத்தைப் படித்த குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே, இந்த நூலைப் படித்து முடித்த வாசகர் எவரேனும் திருநெல்வேலிப் பக்கம் வர நேர்ந்தால், அந்த பீரோ தேக்கா, பலாவா என்று தாமாகக் கண்டுபிடித்ததைப் போல என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.